வீட்டுக் கருவி 132, அரசு நிலையம் 61: எதை நம்புவது?

கோலாலம்பூர் செந்தூலில் ஒன்பதாவது மாடி வீடு, கீழே டியூக் நெடுஞ்சாலை, பால்கனியில் இணையத்தில் வாங்கிய காற்றுத் தரக் கருவி. காலை ஆறரைக்கு அது ஆரஞ்சு நிறத்தில் 132 காட்டுகிறது. அதே நேரத்தில் சுற்றுச்சூழல் துறையின் பத்து மூடா நிலையம் 61, ‘மிதமானது’ என்கிறது. “இதில் யார் பொய் சொல்கிறார்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள், சகோதரி. ஆனால் உங்கள் பதிவின் கடைசி வரியில்தான் உண்மையான கேள்வி இருக்கிறது: ஆஸ்துமா உள்ள அப்பாவை அந்த நேரத்தில் நடக்க அனுப்பலாமா? முதல் கேள்விக்கு என்னால் ஓரளவு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். காற்றுத் துகள் அளவீட்டுக் கருவிகளைச் சரிபார்ப்பதும் வடிதாள்களை எடை போடுவதும்தான் நெடுங்காலமாக என் வேலை. இரண்டாவது கேள்வியில் பாதிதான் என் துறை, மீதி மருத்துவருடையது.

யாரும் பொய் சொல்லவில்லை. இரண்டு எண்களும் வெவ்வேறு அளவுகோலில், வெவ்வேறு கால அளவுக்கு, வெவ்வேறு முறையில் எடுத்தவை. முதலில் அளவுகோல். உங்கள் கருவியோடு வரும் செயலி பெரும்பாலும் அமெரிக்கக் குறியீட்டைக் காட்டுகிறது. அரசு நிலையம் காட்டுவது மலேசியாவின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு, அதாவது நாம் ஐபியூ என்று சொல்வது. இரண்டுமே 0, 50, 100 என்று ஓடுவதால் ஒரே சாமான் போலத் தோன்றும். ஆனால் எத்தனை மைக்ரோகிராம் துகளுக்கு எந்த எண் என்பதை அந்தந்த நாடு தானே முடிவு செய்கிறது. அமெரிக்கா 2024 மே மாதத்தில் தன் அட்டவணையை இறுக்கியது. பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்படாத நுண்துகள், ஒரு கன மீட்டருக்கு 9 மைக்ரோகிராம் வரை இருந்தால்தான் இப்போது அங்கே ‘நல்லது’, முன்பு 12 வரை விட்டுவைத்தார்கள். 35.4-ஐத் தாண்டினால் எண் 100-ஐத் தாண்டிவிடும். நம் அட்டவணை அதைவிடத் தாராளமானது, ‘மிதமானது’ என்ற பட்டைக்குள் இங்கே இன்னும் அதிகத் துகள் அடங்கும். ஆகவே குறியீட்டோடு குறியீட்டை ஒப்பிடாதீர்கள். செயலியின் அமைப்பில் போய் மைக்ரோகிராமுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் 132-ஐ அமெரிக்க அட்டவணையில் பின்னோக்கிப் போட்டால் சுமார் 48 மைக்ரோகிராம் வருகிறது. இனி அந்த 48-ஐப் பற்றித்தான் பேச வேண்டும்.

துகளை அளப்பதில் இறுதித் தீர்ப்பு தராசினுடையது. ஒரு டெஃப்லான் வடிதாளை எடை போட்டு, அதன் வழியாக நிமிடத்துக்கு 16.67 லிட்டர் காற்றை 24 மணி நேரம் இழுத்து, மறுபடி எடை போடுவார்கள். ஒரு நாளில் 24 கன மீட்டர் காற்று அதன் வழியே போயிருக்கும். காற்றில் 20 மைக்ரோகிராம் இருந்தால் தாளில் சேர்ந்திருப்பது 480 மைக்ரோகிராம், அரை மில்லிகிராம்கூட இல்லை. விரல் பட்டால் எடை மாறும், அறையின் ஈரப்பதம் ஏறினால் மாறும், தாளில் நிலைமின்சாரம் இருந்தால் தராசு வேறு கதை சொல்லும். அதனால் வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்திய அறையில் தாளை ஒரு நாள் கிடத்தி, மின்னூட்டத்தை நீக்கி, காற்றே இழுக்காத வெற்றுத் தாள் ஒன்றையும் கூடவே அனுப்பித் திரும்பக் கொண்டுவந்து எடை போடுகிறோம். வெற்றுத் தாள் எடை கூடியிருந்தால் அந்தத் தொகுதியையே சந்தேகப்பட வேண்டும். இவ்வளவும் செய்தால் நம்பத்தகுந்த ஓர் எண் கிடைக்கும், ஆனால் சில நாள் கழித்து. இன்று காலை வெளியே போகலாமா என்று கேட்கிறவருக்கு அதனால் பயன் இல்லை.

அதற்காகத்தான் நிலையங்களில் தானியங்கிக் கருவிகள் இருக்கின்றன. உலகில் பரவலாக இருப்பவை இரண்டு வகை. ஒன்றில், துகள் படிந்த நாடா வழியே பீட்டா கதிர் எவ்வளவு குறைந்து வருகிறது என்று பார்த்து எடையைக் கணக்கிடுவார்கள். இன்னொன்றில், அதிர்ந்துகொண்டே இருக்கும் மெல்லிய கண்ணாடிக் குழாயின் நுனியில் வடிதாள் இருக்கும். துகள் சேரச் சேர அதிர்வு வேகம் குறையும், அந்தக் குறைவிலிருந்து எடை தெரியும். இரண்டிலும் காற்று உள்ளே வரும்போதே 2.5 மைக்ரானுக்கு மேற்பட்ட துகளைப் பிரித்துத் தள்ளும் தலைப்பகுதி உண்டு, ஈரத்தைச் சமாளிக்கும் ஏற்பாடும் உண்டு. இதிலும் குறை இருக்கிறது: காற்றைச் சூடாக்கினால் நீரோடு சேர்ந்து அம்மோனியம் நைட்ரேட் போன்ற எளிதில் ஆவியாகும் துகளும் கொஞ்சம் போய்விடும், அதற்குத் தனித் திருத்தம் செய்ய வேண்டும். ஆனால் அடிப்படையில் இவை எடையைப் பிடிப்பவை.

உங்கள் பால்கனிக் கருவிக்கு எடை என்றால் என்னவென்றே தெரியாது. ஓட்டுக்கூரை இடுக்கில் விழும் வெயிலில் தூசி மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள், உள்ளே நடப்பது அதுதான். சின்ன விசிறி காற்றை இழுக்கிறது, லேசர் ஒளி பாய்கிறது, துகளில் பட்டுச் சிதறும் ஒளியை ஓர் உணரி வாங்குகிறது. அந்த மினுக்கலிலிருந்து எண்ணிக்கையை ஊகித்து, துகளின் அடர்த்தி இன்னது என்று தொழிற்சாலையிலேயே எழுதிவைத்த அனுமானத்தை வைத்து எடையாக மாற்றித் திரையில் போடுகிறது. அந்த அனுமானம் நம் ஊர்க் காற்றுக்கென்று எழுதியதல்ல. மரப்புகை, சதுப்புநில நெருப்புப் புகை போன்றவை ஒளியை நன்றாகச் சிதறடிக்கும், எடையோ அவ்வளவு இருக்காது. அதனால் புகைமூட்ட நாட்களில் இந்தக் கருவிகள் கூடுதலாகக் காட்டுவது வழக்கம். மாறாக, கட்டுமானத் தளத்துச் சிமெண்டுத் தூசி போன்ற பெருந்துகளை இவை சரியாகப் பிடிப்பதே இல்லை. திரையில் பிஎம் 10 (10 மைக்ரான் வரையுள்ள துகள்) என்று இன்னொரு எண் வரும் பாருங்கள், அதை ஏறக்குறைய அலங்காரமாகவே வைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஈரம். கோலாலம்பூரில் விடியுமுன் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். காற்றில் மிதக்கும் சல்பேட், நைட்ரேட் துகள்கள் அந்த ஈரத்தை உறிஞ்சி ஊதிப்போகும். வடிதாளை எடை போடுவதற்கு முன் நாங்கள் அந்த நீரைப் போக்கிவிடுகிறோம், உங்கள் கருவி நீரையும் சேர்த்துத் துகள் என்று எண்ணிவிடுகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, பர்ப்பிள் ஏர் என்ற மலிவுக் கருவியை நிலையங்களின் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒரு திருத்தச் சூத்திரம் வெளியிட்டது. கருவி காட்டும் எண்ணை 0.524 ஆல் பெருக்கி, ஈரப்பதத்தை 0.0862 ஆல் பெருக்கியதைக் கழித்து, 5.75-ஐக் கூட்ட வேண்டும். உங்கள் 48-ஐயும் 90 விழுக்காடு ஈரத்தையும் அதில் போட்டால் சுமார் 23 வருகிறது. அதே அமெரிக்க அட்டவணையில் 23-க்கு உரிய எண் 77. அதாவது, ஆரஞ்சு 132, மஞ்சள் 77 ஆகிவிட்டது. இந்தச் சூத்திரம் அங்குள்ள காற்றுக்கும் அந்த வகைக் கருவிக்கும் செய்தது, உங்கள் கருவிக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். எந்தப் பக்கம், ஏறத்தாழ எவ்வளவு பிசகுகிறது என்பதைக் காட்டுவதற்குத்தான் இந்தக் கணக்கு.

அடுத்தது நேரம். ஐபியூவில் துகளுக்கான கணக்கு அந்த நிமிடத்தின் காற்று அல்ல, கடந்த 24 மணி நேரத்தின் சராசரி. மணிக்கு ஒரு முறை அது ஒரு படி நகரும். காலை ஆறரைக்கு நீங்கள் பார்க்கும் எண்ணில் நேற்று மாலை மழைக்குப் பிறகு தெளிந்த காற்றும் அடக்கம். ஒரு பேச்சுக்கு, 18 மணி நேரம் 15 மைக்ரோகிராம், பிந்திய இரவிலும் விடியலிலுமாக 6 மணி நேரம் 45 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 22.5. அப்பா நடக்கும் நேரத்தில் மூக்குக்குள் போவது 45, அறிவிப்பில் தெரிவது 22.5-க்கு உரிய எண். எண் தவறில்லை, ஆனால் உங்கள் கேள்விக்கு அது பதிலும் இல்லை. புகைமூட்டம் திடீரென்று வந்து இறங்கும்போது இது இன்னும் எரிச்சலூட்டும். கண் எரியத் தொடங்கிய பிறகும் எண் பல மணி நேரம் மெதுவாக ஏறிக்கொண்டிருக்கும், மழை பெய்து வானம் கழுவிவிட்ட பிறகும் எண் இறங்க மறுக்கும். பலர் இதைத்தான் ‘மறைக்கிறார்கள்’ என்கிறார்கள்.

அந்தச் சந்தேகத்துக்கு ஒரு வரலாறு இருப்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 1999 முதல் 2005 வரை இந்நாட்டில் ஐபியூ அளவுகள் பொதுமக்களுக்கு வெளியிடப்படவே இல்லை. சுற்றுலா பாதிக்கும் என்ற அச்சமே காரணம். 2005 ஆகஸ்டில் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் மூச்சு முட்டி, போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் எண் 500-ஐத் தாண்டி அவசரநிலை அறிவித்தபோதுதான் அந்தத் திரை விலகியது. இன்று நிலைமை அப்படி இல்லை. நாடு முழுவதும் அறுபதுக்கும் மேற்பட்ட நிலையங்களின் எண் மணிக்கு மணி இணையத்தில் வருகிறது. 2018-இல் பிஎம் 2.5 கணக்கில் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் துகளுக்கு பிஎம் 10 மட்டும்தான். ஆகவே 2013 ஜூனில் மூவாரில் 700-ஐத் தாண்டிய எண்ணையும் 2019 செப்டம்பர் புகைமூட்டத்தின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து “அப்போது மோசம், இப்போது பரவாயில்லை” என்று பகிர்கிறார்களே, அந்த ஒப்பீடு செல்லாது.

இடமும் ஒரு காரணம், ஆனால் பிஎம் 2.5-ஐப் பொறுத்தவரை நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. இவ்வளவு நுண்ணிய துகள் பல கிலோமீட்டர் பரந்து கலந்துவிடும், பத்து மூடாவுக்கும் செந்தூலுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் வர வேண்டியதில்லை. நெடுஞ்சாலையின் ஓரத்தில் செங்குத்தாக ஏறுவது வேறொன்று: டீசல் வண்டியின் கரிப்புகையும் 0.1 மைக்ரானுக்குக் குறைவான அதிநுண் துகளும். சாலையிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளினால் அவை வெகுவாகக் குறைந்துவிடும். இவற்றுக்கு எடையே இல்லை என்று சொல்லும் அளவுக்கு எடை குறைவு, அதனால் மைக்ரோகிராம் கணக்கில் தலைகாட்டாது. உங்கள் லேசரும் பிடிக்காது, ஐபியூவும் சொல்லாது. நுரையீரலை உறுத்தும் ஓசோன் வாயுவையும் உங்கள் கருவி காட்டாது. பிற்பகல் வெயிலில் பிஎம் 2.5 குறைந்து உங்கள் கருவி பச்சை காட்டும் நேரத்தில்தான் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓசோன் ஏறியிருக்கும். அரசு நிலையம் அதை அளக்கிறது, உங்கள் கருவியில் அதற்கு உணரியே கிடையாது. ஐபியூ என்பது அளக்கும் தூய்மைக்கேடுகளில் எது மிக மோசமோ அதன் எண். எது அன்றைய தலைவன் என்று எண்ணின் பக்கத்திலேயே குறி இருக்கும், அதையும் சேர்த்துப் பாருங்கள்.

இவ்வளவு கழித்த பிறகும் உங்கள் கருவி ஓர் உண்மையைச் சொல்கிறது, அதை விட்டுவிடக் கூடாது. விடியலில் எண் ஏறி, ஒன்பது பத்து மணிக்குமேல் இறங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதில் ஒரு பங்குதான் ஈரம். மறுபங்கு நிஜம். இரவில் தரை குளிர்ந்து, மேலே சற்றுச் சூடான காற்று படிந்து மூடிபோட்டுவிடும். ஒரு பக்கம் தித்திவங்சா மலைத்தொடர் நிற்கும் பள்ளத்தாக்கு இது, காற்றோட்டமும் அந்நேரம் குறைவு. இரவு லாரிகள், அதிகாலை வேலைக்குக் கிளம்பும் வண்டிகள், எங்கோ ஒருவர் கொளுத்திய குப்பை எல்லாம் அந்த மூடிக்குக் கீழேயே கிடக்கும். வெயில் ஏறித் தரை சூடானால்தான் காற்று மேலும் கீழும் கலந்து துகள் நீர்த்துப்போகும். அதிகாலைக் காற்றுதான் சுத்தம் என்று நம் பெரியவர்கள் சொல்வது தோட்டப்புறத்தில் சரியாக இருந்திருக்கலாம். நெடுஞ்சாலை ஓரத்துச் செந்தூலில் அது பொருந்தவில்லை.

எது உறுதி, எது ஐயம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். பிஎம் 2.5-ஐ ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பது இதயநோய், பக்கவாதம், நாட்பட்ட நுரையீரல் நோய், நுரையீரல் புற்றுநோய் ஆகியவற்றைக் கூட்டுகிறது என்பது உறுதி. அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-இல் வெளிக்காற்றின் துகளை முதல் வகைப் புற்றுநோய்க் காரணி, அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானது, என்று வகைப்படுத்தியது. ‘மிதமானது’ என்றால் ஆபத்தில்லை என்று பொருளல்ல என்பதும் உறுதிதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல்படி பிஎம் 2.5 ஆண்டுச் சராசரி 5, ஒரு நாள் சராசரி 15 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது. நம் நாட்டுத் தரநிலை 2020 முதல் ஆண்டுக்கு 15, ஒரு நாளைக்கு 35. ஆகவே உங்கள் கருவி மிகைப்படுத்துகிறது என்று நான் சொன்னதை, காற்று சுத்தம் என்று சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐயத்துக்குரியது எது என்றால், ஒரு குறிப்பிட்ட காலையில் 23 அல்லது 48 மைக்ரோகிராம் காற்றில் முக்கால் மணி நேரம் நடந்தால் ஒரு குறிப்பிட்ட மனிதரின் நுரையீரல் என்ன செய்யும் என்பது. ஆய்வுகள் மக்கள் தொகையைப் பற்றிப் பேசுகின்றன, உங்கள் அப்பாவைப் பற்றி அல்ல. நடக்காமல் வீட்டில் உட்கார்ந்துவிட்டால் வரும் கேடும் கணக்கில் உண்டு. அதனால் உங்கள் பதிவின் கீழ் “நடையை நிறுத்துங்கள்” என்று எழுதியிருந்த மறுமொழிகளோடு எனக்கு உடன்பாடில்லை. நேரத்தையும் பாதையையும் மாற்றுங்கள் என்பேன்: ஒன்பது மணிக்குமேல் நிழலுள்ள இடத்தில், அல்லது மழை விட்ட மாலையில், சாலையோரத்தை விட்டுத் தித்திவங்சா ஏரிப் பூங்கா போல மரமும் திறந்தவெளியும் உள்ள பக்கம். மழை எல்லாவற்றையும் கழுவிவிடும் என்றும் நம்பிவிட வேண்டாம். பெருந்துகளை அது நன்றாக இறக்கும், 0.1 முதல் 1 மைக்ரான் வரையுள்ள துகள்கள் மழைத்துளிக்கு எளிதில் சிக்குவதில்லை. சாரலுக்குப் பிறகு வானம் பளிச்சென்று இருப்பதையும் இரட்டைக் கோபுரம் தெளிவாகத் தெரிவதையும் மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

கருவியைத் திருப்பி அனுப்பவா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அதன் எண்ணை நம்பாமல் ஏற்ற இறக்கத்தை நம்புங்கள். ஒரு வாரம் அதன் 24 மணி நேரச் சராசரியை மைக்ரோகிராமில் எழுதிவைத்து, சுற்றுச்சூழல் துறையின் அதே நேர அளவோடு ஒப்பிட்டால் உங்கள் கருவி எவ்வளவு தூக்கலாகப் பேசுகிறது என்று தெரிந்துவிடும். வறண்ட நாள், மழை நாள், புகைமூட்ட நாள் மூன்றுக்கும் அந்த விகிதம் வேறாக இருக்கும். நேர் வெயிலும் சாரலும் படாத இடத்தில் வையுங்கள். சமையலறை ஜன்னலுக்கு நேரே வேண்டாம், தாளிப்பின் புகை ஒன்றே போதும் எண் மூன்று மடங்காக. சாமி அறையில் சாம்பிராணி போட்டதும் ஊதா நிறம் காட்டினால் கருவி கெட்டுவிட்டது என்று எண்ணாதீர்கள். அப்போது அது பெருமளவு உண்மையைத்தான் சொல்கிறது, அப்பா இருக்கும் அறையில் அந்த நேரம் ஜன்னலைத் திறந்துவையுங்கள். தீபாவளி, சீனப் புத்தாண்டு இரவுகளில் பட்டாசுப் புகைக்கும் இதே கதை. நம் ஊரில் இன்னொரு தொல்லை பூச்சி. எறும்பும் சிலந்தியும் உறிஞ்சும் துளைக்குள் குடியேறிவிடும், விசிறியில் ஒட்டடை படிந்தால் எண் சும்மாவே ஏறி நிற்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஊதித் துடையுங்கள். பக்கத்து வீட்டில் யாராவது அதே வகைக் கருவி வைத்திருந்தால் ஒரு நாள் வாங்கி இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள், எது பழசாகிவிட்டது என்று புலப்படும்.

ஜூன் முதல் செப்டம்பர், அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சுமத்ராவில் தீ பிடித்தால் இந்தக் கணக்கெல்லாம் மாறும். அப்போது இரு எண்களும் சேர்ந்தே ஏறும். நேரத்தை மாற்றி நடப்பதால் பயன் குறைவு, வெளியே போகாமல் இருப்பதே சரி. போய்த்தான் ஆக வேண்டும் என்றால் என்95 முகக்கவசம், அதுவும் ஓரங்கள் முகத்தில் ஒட்டிப் பொருந்தினால் மட்டுமே. துணிக் கவசம் இந்தத் துகளுக்கு ஈடுகொடுக்காது. ஆஸ்துமா உள்ளவர் என்95-ஐ மாட்டுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது, இறுக்கமான கவசம் சிலருக்கு மூச்சைச் சிரமமாக்கும். காற்றுச் சுத்திகரிப்பி வாங்குவதாக இருந்தால் நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளதை, அப்பாவின் படுக்கையறை அளவுக்குப் போதுமான திறனோடு வாங்குங்கள். ஓசோன் வெளியிடும் வகைகளை ஆஸ்துமாக்காரர் வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது.

கடைசியாக ஒன்று. கருவியின் எண்ணை எழுதும் அதே நோட்டில், அன்று அப்பாவுக்கு இருமல், இழுப்பு இருந்ததா, இன்ஹேலர் எத்தனை முறை அடித்தார் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள், முடிந்தால் காலையில், மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்று காட்டும் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதவைத்து அந்த எண்ணையும். அடுத்த முறை கிளினிக் போகும்போது அந்த நோட்டைக் கொண்டுபோங்கள். எந்த அளவுக்கு மேல் அப்பா வெளியே போகக் கூடாது என்பதை அதைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். ஐபியூ அட்டவணையோ நானோ சொல்லக்கூடிய எண் அல்ல அது.